ஒட்டும் கிருமி, ஒட்டாத பழி

அத்தியாயம் 6

“ரெண்டு தட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. எவன் குத்தவாளின்னு நீங்களே சொல்லிருவிய” என்றாள் ரூபியா.

உச்சிமாகாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். உள்ளங்கை அகலத்தில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் சாயம் கலந்த கூழ் மாதிரி ஒன்று உறைந்து கிடந்தது. இடது தட்டில் கிருமிகள் வெளிறிப்போய், வழவழவென்று, யார் வம்புக்கும் போகாத புள்ளிகளாக இருந்தன. வலது தட்டில் இருந்தவை அப்படியல்ல. செக்கச்செவேல் என்று, காய்ந்த மிளகாய் வத்தல் கணக்காகச் சுருங்கி, தட்டை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தன.

“வலது கைப்பக்கம் உள்ளவன்தான்” என்றார் உச்சிமாகாளி. “மூஞ்சியே சரியில்ல.”

“கொலைக் கேசு மாதிரி பேசுதிய ரெண்டு பேரும்” என்றான் பேச்சிராஜா, வாசல் கதவில் சாய்ந்தபடி. “பாதிக்கப்பட்ட ஆளு திருநெல்வேலி ஆஸ்பத்திரில இட்லிக்குச் சாம்பார் பத்தலைன்னு நர்சுகூட மல்லுக்கு நிக்காரு.”

பேச்சிராஜா பதினோரு வருஷம் தண்ணீர் கேன் டெம்போ ஓட்டியவன். இடுப்பு போன பிறகு உச்சிமாகாளிக்கு உதவியாள். சம்பளம் கொஞ்சம், வாய் நிறைய. உச்சிமாகாளியோ முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கரன்கோவிலில் அவர் எட்டிப் பார்க்காத அடுப்படி கிடையாது, மூடச் சொல்லாத ஓட்டல் கிடையாது. அதன் பலனை இப்போது அனுபவிக்கிறார். ஊரில் கல்யாணப் பத்திரிகை போகாத ஒரே வீடு அவருடையதுதான். இந்த மனுஷன் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்ப்பாரா, இலைக்கு அடியில் பார்ப்பாரா என்று எல்லாருக்கும் பயம். துப்பறிகிறேன் பேர்வழி என்று அவர் கிளம்பியதே, நாலு பேர் முகத்தில் முழிக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான். அதை அவர் பேச்சிராஜாவிடம்கூடச் சொன்னதில்லை.

கேசு இதுதான். இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரி விவசாயி வெள்ளைத்துரை. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்து சங்கரன்கோவிலில் வெண்ணிலா டயாலிசிஸ் சென்டரில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர். போன மாதம் மிஷினில் இருக்கும்போதே குளிர் எடுத்து, காய்ச்சல் ஏறி, வாய் கோணி விழுந்துவிட்டார். ரத்தத்தில் கிருமி. சென்டரில் எல்லார் கையையும் பஞ்சால் தடவிப் பார்த்தார்கள். நர்சு இசக்கிசெல்வி கையில் அதே பேருள்ள கிருமி இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை. சென்டர் வாட்சப் குரூப்பிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் ‘அந்தப் புள்ளை கைதான்’ என்றாகிவிட்டது. என் அஜாக்கிரதையால் நடந்தது என்று அவள் கையெழுத்துப் போடவேண்டிய கடிதம் தயாராக இருக்கிறது. கெடு இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி. போட்டாள் என்றால் இந்த ஜில்லாவில் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசல்படி ஏற்றாது. போடாவிட்டால் போலீசில் புகார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உச்சிமாகாளியை இந்த வேலைக்கு அமர்த்தியதே விழுந்த மனுஷன்தான். “எனக்கு ஊசி குத்துன கை அது. அந்தக் கை தப்பு பண்ணாதுவே. போய்ப் பாரும்” என்று படுக்கையில் இருந்தே போன் போட்டார். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்க, அவள் பக்கம் நின்றது வெள்ளைத்துரை ஒருத்தர்தான்.

“வெவரமாச் சொல்லும்மா” என்றார் உச்சிமாகாளி. “ரெண்டும் ஒரே பேருன்னுதான ரிப்போர்ட்டு சொல்லுது?”

ரூபியா சின்னதாகச் சிரித்தாள். டவுனில் பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவள். கிருமிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவளுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும்.

“பேரு ஒண்ணுதான். ஆளு வேற.”

“அதைச் சொல்லு!” பேச்சிராஜா உள்ளே வந்துவிட்டான். “நம்ம பஸ் ஸ்டாண்டுல நின்னு ‘கோமதி’ன்னு ஒரு சத்தம் கொடுத்தா, பாதி பஸ்சு காலியாயிரும். அத்தனை பேரையும் ஒரே திருட்டுக்கு உள்ள போட முடியுமா? என் பேருள்ள ஒருத்தன் குருவிகுளத்துல ஆடு திருடுனதுக்கு, என்னை ரெண்டு நாளு ஸ்டேஷன்ல உக்கார வச்சானுவ. அந்த ஆட்டை நான் மூஞ்சில பாத்தது கெடையாது.”

“பேச்சிராஜா அண்ணன் சொல்லுதது சரிதான்” என்றாள் ரூபியா. “கிருமிக்கு ரெண்டு பொழைப்பு உண்டு அண்ணாச்சி. ஒண்ணு, தண்ணியில தனியா நீந்தித் திரியுறது. இன்னொண்ணு, ஒரு சுவரைப் புடிச்சு ஒட்டி, பசையைக் கக்கி, அதுக்குள்ள கூட்டமாக் குடியிருக்குறது. அப்படிக் குடி ஏறிட்டுன்னா மருந்து ஊத்துனாலும் மேல இருக்குறதுதான் சாவும். அடியில உள்ளது பசைக்குள்ள போத்திப் படுத்திருக்கும். எப்ப நீந்தணும், எப்ப ஒட்டணும்னு சொல்லுததுக்கு ஜீன் இருக்கு. ‘பசை போதும், நிறுத்து’ன்னு சொல்லுத ஜீனும் உண்டு, பிரேக்கு மாதிரி. இந்தச் செவப்புக்காரனுக்கு அந்த பிரேக்கு ஜீன்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு. பிரேக்கு புடிக்காது. கக்கிக்கிட்டே இருப்பான், ஒட்டிக்கிட்டே இருப்பான்.”

“செல்வி கையில இருந்தவனுக்கு?”

“பிரேக்கு நல்லா இருக்கு. அவன் வழிப்போக்கன். குழாயடியில கை நனைச்ச யாரு கையிலயும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போவான். வெள்ளைத்துரை ஐயா ரத்தத்துல இருந்தது இந்த வலது தட்டுக்காரன்.”

உச்சிமாகாளி வலது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன், அதற்கும் ஒட்டிக்கொள்ள ஒரு சுவர், கூடக் குடியிருக்க ஒரு கூட்டம். வீட்டுக்குப் போனால் தனக்கு மின்விசிறிச் சத்தம்தான் துணை என்று ஒரு நிமிஷம் நினைத்தார். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

“சரி, இவன் எங்கன குடியிருந்தான்?”

“அதான் சேதி. ஒன்பது நாளைக்கு முன்னால என் லேப் பையன் சென்டர்ல ஆறு எடத்துல பஞ்சு தடவிக் கொண்டாந்தாம்லா? அஞ்சுல இவன் இல்ல. ஆறாவதுல இருக்கான். மதுரைக்கு அனுப்பி ஜீனையும் படிச்சுப் பாத்தாச்சு. அதே ஜீன்ல, அதே எடத்துல, அதே எழுத்து விட்டுப்போயிருக்கு.”

“பரீச்சையில ரெண்டு பயலுவ ஒரே தப்பை ஒரே வரியில எழுதியிருந்தா, வாத்தியாரு என்ன நெனப்பாரு?” என்றான் பேச்சிராஜா.

“ஆறாவது எந்த எடம்?”

“தண்ணி ரூம். மிஷினுக்குச் சுத்தத் தண்ணி போற தொட்டி, அதோட குழாய் வாய்.”

உச்சிமாகாளி உடனே போனை எடுத்துச் சென்டர் மேனேஜர் பாண்டியராஜிடம் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் இருந்து வந்த பதில் பச்சைத்தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது.

“சார், எங்க தொட்டியில கிருமி இருக்கவே முடியாது. அல்ட்ரா வயலட் விளக்கு இருக்கு. தினமும் போட்டதுக்கு ரிஜிஸ்டர் இருக்கு. ஒன்பது மாசமா ஒரு நாள்கூட விட்டுப்போகல. அப்படியும் இருந்துச்சுன்னா அந்த நர்ஸ்தான் எதையோ தொட்டுக் கெடுத்திருக்கா. நாலு மணிக்கு லெட்டர் ரெடியா இருக்கும்.”

போன் வைக்கப்பட்டது.

“அந்த விளக்கு எரிஞ்சிருந்தா, தண்ணியில வாரவன் ஒட்டுததுக்கு முன்னாலயே செத்திருப்பான்” என்றாள் ரூபியா யோசனையோடு. “தெனமும் எரிஞ்ச எடத்துல இவ்வளவு பசை வராது அண்ணாச்சி. இவன் மாசக்கணக்கா நிம்மதியா வாழ்ந்தவன்.”

“அப்ப ரிஜிஸ்டர் பொய் சொல்லுது” என்று எழுந்தார் உச்சிமாகாளி. “கிளம்பும்வே.”

* * *

கழுகுமலை ரோட்டில் ஒரு மாடி அறை. இசக்கிசெல்வி கதவைத் திறந்தபோது உச்சிமாகாளியின் கண் முதலில் போனது அவள் கைகள் மேல்தான். முப்பது வயசுக்காரியின் கை மாதிரியே இல்லை. சோப்புப் போட்டுப் போட்டுத் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா கழுவுதே?”

“எண்ணல அண்ணாச்சி.” அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். “கீழ வீட்டம்மா எனக்குத் தனி வாளி வாங்கி வச்சிருக்காவ. பொதுக் குழாய்ல என் குடத்தை வைக்கக் கூடாதாம். கோவப்பட்டுச் சொல்லல, தன்மையாத்தான் சொன்னாவ. அதான் தாங்கல.”

பேச்சிராஜா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உச்சிமாகாளி தட்டு விஷயத்தைச் சொன்னார். உன் கையில் இருந்தது வேறு, அவர் ரத்தத்தில் இருந்தது வேறு என்று இரண்டு தடவை சொன்னார். துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, உரிந்த கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை.

“வெள்ளைத்துரை ஐயாவுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லல.”

“தெனமும் அவிய மகளோட போன்ல இருந்து கூப்பிடுவாவ. ‘சாப்பிட்டியா?’ன்னு கேட்டுட்டு வச்சிருவாவ. இந்த ஒரு மாசத்துல எனக்கு வந்த போன் அது ஒண்ணுதான் அண்ணாச்சி. குருவிகுளத்துல எங்க அண்ணன்கூட எடுக்க மாட்டேங்கான். அவன் மகளுக்கு மாப்பிள்ளை பாக்காவளாம்.”

“தண்ணி ரூமுக்கு நீ போவியா?”

“சாவி மேனேஜர்கிட்ட. காலைல கோமதித்தாய் எக்கா மட்டும் போவா. கூட்டிப் பெருக்கி, தண்ணி வடிகட்டில உப்புக் கொட்டி, டிக் அடிச்சுட்டு வருவா. கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து மொதல் பஸ்சுக்கு வாரவ. நானும் அவளும்தான் மத்தியானம் சேந்து சாப்பிடுவோம். மத்த ஸ்டாப் யாரும் அவகூட உக்கார மாட்டாவ. பாவம், எழுத்து வாசிக்கத் தெரியாது. அவளைப் போய் ஒண்ணும் கேட்டுராதிய.”

“கேக்காம எப்படிம்மா?” என்றார் உச்சிமாகாளி. “மூணே முக்காலுக்குச் சென்டருக்கு வந்துரு.”

* * *

தண்ணீர் ரூமைத் திறந்துவிட்ட பாண்டியராஜ் நாற்பது வயசு, இஸ்திரி கலையாத சட்டை. பேர்தான் இந்தப் பக்கம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை.

“பாத்துக்கங்க சார். முகம் பாக்கலாம்.”

நிஜமாகவே முகம் பார்க்கலாம். ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் தொட்டி பளபளவென்று மின்னியது. சுகாதார ஆய்வாளராக இருந்த முப்பது வருஷத்தில் இப்படி ஒரு தொட்டியை உச்சிமாகாளி பார்த்ததில்லை. ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று நெருடியது. மேலே மூடியில் பூட்டு. பூட்டில் துரு.

பேச்சிராஜா கையுறை மாட்டி, தொட்டியின் அடியில் இருந்த குழாயைத் திறந்து சுண்டுவிரலை உள்ளே விட்டான். வெளியே எடுத்தபோது விரலில் நூல் மாதிரி ஒன்று இழுபட்டு வந்தது.

“வெளிய மாப்பிள்ளை கோலம், உள்ள வெண்டைக்காய்ப் பச்சடி” என்றான்.

பாண்டியராஜ் முகம் சுருங்கினாலும் விடவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினார். சென்னையில் அச்சடித்து வந்த கெட்டி அட்டைப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். தேதி. உப்பு. விளக்கு. கையொப்பம். ஒன்பது மாதமும் ‘உப்பு’, ‘விளக்கு’ இரண்டு கட்டத்திலும் டிக். கையொப்பக் கட்டத்தில் ‘கோ’ என்று ஒரே ஒரு எழுத்து, குழந்தை போட்ட கோலம் மாதிரி. வாரக் கடைசியில் மேற்பார்வை என்று பாண்டியராஜின் சுழித்த கையெழுத்து.

உச்சிமாகாளி பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு சட்டைப்பையில் இருந்து தன் சின்ன டைரியை எடுத்தார். அந்த டைரியில் அவர் எழுதுவது இரண்டே சங்கதி. கேஸ் சிலிண்டர் வந்த நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் கரண்டு நிறுத்திய நாள். எழுதி வைக்க அவர் வாழ்க்கையில் வேறு எதுவும் நடப்பதில்லை. கரண்டு நிறுத்தும் நாளில் வீட்டில் விசிறி ஓடாது, பஸ் ஸ்டாண்டில் போய் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அதனால் அந்தத் தேதிகள் அவருக்கு மறக்காது.

“கரண்டு ஷட் டவுன் அன்னைக்கு சென்டர் உண்டா தம்பி?”

“கிடையாது சார். அன்னைக்கு லீவு. ஜெனரேட்டரும் போட மாட்டோம். கோமதித்தாய் மட்டும் காலைல வந்து பெருக்கிட்டுப் போயிடும்.”

“போன மாசம் பதினேழு. அதுக்கு முந்தின மாசம் இருபது. அதுக்கும் முன்னால பதினெட்டு.” உச்சிமாகாளி ஒவ்வொரு தேதியிலும் விரலை வைத்தார். “எல்லாத்துலயும் விளக்குக்கு நேரா டிக் இருக்கு.”

“கரண்டே இல்லாத அன்னைக்கு எந்த விளக்கு எரிஞ்சுது?” என்றான் பேச்சிராஜா. “அரிக்கேன் விளக்கா?”

பாண்டியராஜ் ரிஜிஸ்டரைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. அடுத்த நொடியே ஒரு தெளிவும் வந்தது, அது உச்சிமாகாளிக்குப் பிடிக்கவில்லை. பழியை இறக்கி வைக்க வேறு தோள் கிடைத்துவிட்ட தெளிவு அது.

“அப்போ கோமதித்தாய் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கு! ஒன்பது மாசமா! இருங்க, கூப்பிடறேன்.”

கோமதித்தாய் விளக்குமாறோடு வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டியவள், காய்ந்த விறகு மாதிரி தேகம். அவளுக்குப் பின்னாலேயே இசக்கிசெல்வியும் வந்து கதவோரம் நின்றாள். மணி மூன்றே முக்கால்.

“இந்தக் கட்டத்துல டிக் போட்டது நீதான?” என்று பாண்டியராஜ் கத்தினார்.

“நான்தான் சார்.”

“கரண்ட் இல்லாத நாள்லயும் போட்டிருக்கியே, எப்படி?”

கோமதித்தாய்க்குக் கேள்வியே புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“கரண்டு எதுக்கு சார்? வெளக்குததுக்குக் கை இருக்கு, தேங்கா நாரு இருக்கு. ஒரு நாளு விடாம வெளக்குனேன். காய்ச்சலா கெடந்த அன்னைக்குக்கூட வந்து வெளக்கிட்டுத்தான் போனேன். தொட்டியப் பாருங்க. வெள்ளிச் சொம்பு கணக்கா வச்சிருக்கேம்லா!”

பாண்டியராஜ் ரிஜிஸ்டரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யம்மாடி” என்றான் பேச்சிராஜா மெல்ல. “பாத்திரம் வெளக்குதது! அந்த வெளக்கு!”

“என்ன சொல்றீங்க?” பாண்டியராஜ் முழித்தார்.

“உங்க ஊருல பாத்திரத்தைத் தேய்ப்பாவ தம்பி” என்றார் உச்சிமாகாளி. “எங்க ஊருல வெளக்குவோம். நீங்க லைட்டைப் போட்டாச்சான்னு கேட்டு ஒரு கட்டம் அச்சடிச்சிய. அவ தொட்டியத் தேய்ச்சாச்சான்னு எடுத்துக்கிட்டா. அவ போட்ட டிக்குல ஒண்ணுகூடப் பொய் இல்ல. மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவிய நீங்க வச்சிருந்திய, அதனால வெளிப்பக்கத்தை மட்டும் வெளக்கியிருக்கா.”

அவர் சுவரோரம் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். அதுதான் அல்ட்ரா வயலட் விளக்கின் ஸ்விட்சு. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்டும் எண்களும் அதில் உண்டு. பேச்சிராஜா எட்டிப் பார்த்து வாசித்தான்.

“மூணு. மாட்டுனவன் எரியுதான்னு பாத்துட்டு அணைச்சிருப்பான். அதுக்குப் பொறவு இது கண்ணே தொறக்கல.”

கோமதித்தாய்க்கு மெல்ல மெல்லப் புரிந்தது. விளக்குமாறு கையில் இருந்து நழுவியது. “அப்ப என்னாலயா அந்தப் பெரியவருக்கு...” என்றவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பாண்டியராஜ் நிமிர்ந்துகொண்டார். “சரி, செல்வி மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. அந்த லெட்டரைக் கிழிச்சிடலாம். நாளைக்கே டூட்டிக்கு வரட்டும். ஆனா படிக்கத் தெரியலைன்னா கேட்டிருக்கணும்ல? யாரைக் கேட்டு டிக் போட்டே? யாரு சொன்னா உனக்கு, இது தேய்க்கிறதுன்னு?”

கோமதித்தாய் தரையைப் பார்த்தாள். அவள் பார்வை ஒரே ஒரு கணம் கதவுப் பக்கம் போய்விட்டு, சட்டென்று திரும்பியது.

உச்சிமாகாளி அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷம் அடுப்படிகளில் எதை எங்கே ஒளிக்கிறார்கள் என்று பார்த்தே பழகிய கண். வேண்டாம், கேட்காதே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. கடிதம் கிழியப்போகிறது, கேசு முடிந்தது, இப்போதே கிளம்பினால் ஜெயித்த மனுஷனாகக் கிளம்பலாம்.

“யாரும் சொல்லல” என்றாள் கோமதித்தாய். “நானாத்தான் போட்டேன். என் புத்தி கெட்டுப்போச்சு. என்னைய அனுப்பிருங்க.”

“எக்கா, சும்மா இரு.”

இசக்கிசெல்வி உள்ளே வந்தாள். ரிஜிஸ்டரை எடுத்து அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது. பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது.

“நான்தான் அண்ணாச்சி.”

“ஏட்டி, வாயை மூடு” என்றாள் கோமதித்தாய்.

“மொத நாளு இந்த நோட்டைத் தூக்கிட்டு வந்தா. சோறு தின்னுக்கிட்டு இருந்தோம். ‘இது என்னட்டி எழுதியிருக்கு?’ன்னு கேட்டா. நான் நிமிந்துகூடப் பாக்கல. ஓரக்கண்ணால பாத்து, ‘உப்பு, வெளக்கு. உப்புக் கொட்டி, தொட்டிய வெளக்கிட்டு டிக் போடு’ன்னேன். டயாலிசிஸ்ல ஆறு வருஷ சர்வீஸ் எனக்கு. தண்ணிக்கு லைட்டு உண்டுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த எழுத்தை அப்படி வாசிக்க எனக்குத் தோணலையே!”

பாண்டியராஜ் தொண்டையைச் செருமினார். “சிஸ்டர், அதை யாரும் உங்ககிட்ட கேக்கல. சார் எழுதுற ரிப்போர்ட்டுல கோமதித்தாய்னு மட்டும் போட்டா போதும். உங்க பேர் கிளீனா வந்துடும்.”

“எக்கா கேட்டா சார். ஒன்பது மாசத்துக்கு முன்னாலயே கேட்டா. அவ கேட்டதுக்கு நான்தான் தப்பாச் சொன்னேன்.”

உச்சிமாகாளி பேனாவை எடுத்தார். “எழுதத்தான் போறேன். மொதப் பேரு உங்க பேருதான் தம்பி. அச்சடிச்சவர் நீங்க, சொல்லிக் கொடுக்காதவர் நீங்க. முப்பத்தெட்டு வாரம் மேற்பார்வைன்னு கையெழுத்துப் போட்டிய. ஒரு தடவை இந்தப் பெட்டியத் தொறந்து பாத்திருந்தா, மூணுங்கிற நம்பர் உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கும். இவளுக ரெண்டு பேரையும் அனுப்புததுன்னா உங்களைத்தான் மொத பஸ்ல ஏத்தணும். மொதல்ல சாயங்கால ஷிப்டை நிறுத்துங்க. தொட்டியத் தொறந்து சுரண்டணும்.”

பாண்டியராஜ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தட்டச்சடித்து வைத்திருந்த அந்தக் கடிதத்தை அவரே நாலாக மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். “சரி சார், ஷிப்ட் கேன்சல்” என்றார் ஈனக்குரலில்.

இசக்கிசெல்வியின் வேலை பிழைத்தது. பேரும் பிழைத்தது. அவள் கை நல்ல கை என்று நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் அவள் போனை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குட்டி?” என்றார் உச்சிமாகாளி. பதில் அவருக்கே தெரியும்.

“வெள்ளைத்துரை ஐயாவுக்கு. உங்களை வேலைக்கு அமத்துனவரு அவருதான? முடிவை அவருக்குத்தான் மொதல்ல சொல்லணும்.”

“நான் சொல்லுதேன் மக்கா. பதமாச் சொல்லுதேன். நீ வாசிச்சுச் சொன்னதை அவருக்குச் சொல்லியே ஆகணும்னு இல்ல.”

“நீங்க பாதிதான் சொல்லுவிய அண்ணாச்சி. பொறவு தெனமும் அவரு ‘சாப்பிட்டியா?’ன்னு கேக்கும்போது, எனக்குச் சோறு எறங்காது.”

போனில் மணி அடித்தது. மறுமுனையில் அந்தக் கிழட்டுக் குரல் உற்சாகமாகவே வந்தது. ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. “என்னட்டி, இன்னைக்கு நீயே கூப்பிடுதே? ஏதும் துப்புக் கெடைச்சுதா? உன் கை இல்லன்னு அப்பவே சொன்னேம்லா!”

“கை இல்ல ஐயா” என்றாள் இசக்கிசெல்வி. “வாய்.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, பசை, நோட்டு, சோறு தின்றுகொண்டே ஓரக்கண்ணால் வாசித்த வார்த்தை, ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அங்கே யாரோ இருமும் சத்தமும், ஆஸ்பத்திரி வராண்டாவில் தள்ளுவண்டி உருளும் சத்தமும் கேட்டன. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பேச்சு வரவில்லை. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

அவள் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். லைன் இல்லை.

பேச்சிராஜா என்றைக்கும் இல்லாமல் தயங்கித் தயங்கிப் பேசினான். “டவர் போயிருக்கும்மா. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல எப்பவும் அப்படித்தான்.”

“இருக்கும்” என்றாள் அவள்.

மறுபடி அவள் கூப்பிடவில்லை. அவர்கள் தொட்டி மூடியின் துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை, ஆறு மணி தாண்டியும், அந்தப் போனும் அடிக்கவில்லை.